கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: பெரிய நம்பர உடைச்சுப் பாக்குறவங்களுக்கு

எங்க ஊரு கும்பகோணம். பொண்ணு தஞ்சாவூர்ல இன்ஜினியரிங் சேந்தப்ப மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில வாங்குன கால்குலேட்டர் இது, அவ லீவுக்கு வந்தா போதும் நான் எடுத்து வச்சுக்குவேன். 417 ஃபங்ஷன், சோலாரும் பேட்டரியும் சேந்து ஓடும், பட்டன் நல்லா அமுங்குது, அதெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது ஃபேக்ட் (FACT), அதாவது ஒரு நம்பர பகா எண்களா உடைக்குற வசதி பத்தி மட்டும்தான்.

நம்பர அடிச்சு ஈக்வல் போட்டு, ஷிஃப்ட் அமுக்கி டிகிரி-நிமிஷம் பட்டன அமுக்குனா பகா எண்களா பிரிச்சுக் காட்டும். 735134400 போட்டுப் பாருங்க. 2⁶×3³×5²×7×11×13×17னு வரும். ஒவ்வொரு அடுக்கோடயும் ஒண்ணு கூட்டிப் பெருக்குங்க, 7×4×3×2×2×2×2, அதாவது 1344 வகுத்தி (மீதி வராம வகுக்குற எண்). நூறு கோடிக்குக் கீழ எந்த நம்பருக்கும் இதுக்கு மேல வகுத்தி கிடையாது! முதல் தடவ பாத்தப்ப ராத்திரி சாப்பாட்ட மறந்து உக்காந்துட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், இது 10 இலக்கம் வரைக்கும்தான், அதுலயும் மூணு இலக்கத்துக்குள்ள இருக்குற பகா எண்ணாலதான் உடைக்கும், மிச்சத்த அடைப்புக்குறிக்குள்ள வச்சிரும். கூட வர்ற புக்லயே இத போட்டிருக்காங்க. 4294967297 போட்டா 641×(6700417). இந்த 641அ 1732ல கணித மேதை ஆய்லர் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி ஃபெர்மாங்கற இன்னொரு கணித மேதை இந்த முழு நம்பரயே பகா எண்ணுன்னு நம்பிட்டிருந்தார். அடைப்புக்குறிய பாத்ததும் பகா எண்ணுன்னு முடிவு பண்ணிராதீங்க. 6700417 நிஜமாவே பகா எண்தான், ஆனா 4104676 போட்டா வர்ற (1026169) அப்படி இல்ல, அது 1013 இன்ட்டு 1013. சந்தேகம்னா 1009ல ஆரம்பிச்சு வர்க்கமூலம் வரைக்கும் நாமளே வகுத்துப் பாக்கணும். எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு, பிள்ளைங்களுக்கும் குடுத்துப் பாருங்க.

அப்புறம் நம்ம ஊரு ஆளு. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்ல வளந்து டவுன் ஹைஸ்கூல்ல படிச்ச ராமானுஜன், 1915ல, தன்னவிட சின்ன எல்லா எண்ணையும் விட வகுத்தி அதிகமுள்ள எண்களப் பத்தி எழுதுன கட்டுரையில ஒரு பட்டியல் போட்டார், அது 6746328388800ல முடியுது. 13 இலக்கம். 10080 வகுத்தி. நேரா ஃபேக்ட் போட முடியாது, அதனால மொதல்ல 23ஆல வகுத்தேன், திரையில 2.933186256×10¹¹னு வந்துச்சு, அதாவது 293318625600. அந்தப் பட்டியல்ல அவரு விட்டுட்ட ஒரே நம்பர் இதுதான், இதுக்கு 5040 வகுத்தி இருக்கு. மெஷின் எதுவும் இல்லாம கையாலயே அவ்வளவு தூரம் போனவருக்கு தப்புனது ஒண்ணே ஒண்ணுங்கறப்ப கொஞ்ச நேரம் பட்டனையே தொடல நான். அப்புறம் 19, 17னு வகுத்துட்டு வந்தா 908107200, இப்ப ஃபேக்ட் ஏத்துக்கும், 2⁶×3⁴×5²×7²×11×13.

காலேஜ் பிள்ளைக்கு தாராளமா வாங்கலாம். ஞாயித்துக்கிழம பொண்ணு இத எடுத்துட்டுப் போயிருவா, நான் எனக்குன்னு இன்னொண்ணு வாங்கப் போறேன்.