நுகமும் கலப்பையும் கையில் தரும் நாவல்: ‘ஃபார்மர் பாய்’

லோரா இங்கால்ஸ் வைல்டரின் இந்தச் சிறுவர் நாவல் 1933இல் வந்தது. ‘லிட்டில் ஹவுஸ்’ தொடரில் இரண்டாவதாக வெளியானது என்றாலும் மற்றவற்றைத் தொடாமலே படிக்கலாம். குடும்பமும் ஊரும் வேறு. 1866 அளவில், நியூயோர்க் மாநிலத்தின் வடக்கே மலோன் ஊருக்கு அருகில், ஒன்பது வயது நிறையாத அல்மான்சோ கமத்தில் வளரும் கதை. பின்னாளில் அவர்தான் நூலாசிரியையின் கணவர்.

கதைப்பின்னல் மெலிசு. பையனுக்குச் சொந்தமாக ஒரு குதிரைக்குட்டி வேண்டும், அவ்வளவுதான். சத்தெல்லாம் வேலையில் இருக்கிறது. உறைந்த குளத்தை 20 அங்குலச் சதுரங்களாக வாளால் அறுத்து, கட்டிக்குக் கட்டி 3 அங்குலம் இடைவெளி விட்டு, அதில் மரத்தூளை இறுக்கி அடைக்கிறார்கள். கோடையிலும் ஐஸ் கரையாது. குளிர்சாதனப் பெட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத வெள்ளவத்தைப் பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

சோளப் பயிரில் உறைபனி விழுந்த விடிகாலையும் அப்படியே. வெயில் படுமுன் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்; உறைந்த இலையில் நேரே வெயில் பட்டால் செடி செத்துப்போகும். கடைசித் துண்டு நிலம் தப்பவில்லை.

பால் குடிக்கும் பூசணி அத்தியாயத்தைப் படித்ததும் பிள்ளைகள் செய்துபார்க்கக் கேட்பார்கள். கொடியில் ஒரு காயை மட்டும் விட்டு மற்றதை நறுக்கி, தண்டின் அடியில் கீறி, திரியின் ஒரு முனையைக் கீறலிலும் மறுமுனையைப் பால் கிண்ணத்திலும் விடுவது முறை. கொழும்பு வெயிலில் மத்தியானத்துக்குள் பால் திரிந்துவிடும், எறும்பும் மொய்க்கும். காய் பெருத்ததற்கு மற்றக் காய்களை நறுக்கியதே காரணமாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு வர்ணனை அளவுக்கு மிஞ்சியது; பசியோடு படிக்க வேண்டாம். தாய் டோனட்டை முறுக்கிப் போடுவது அழகுக்காக அல்ல: முறுக்கியது எண்ணெயில் தானே புரளும், ஓட்டை போட்டதை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். வடைக்கு ஓட்டை போடும் நமக்கு இது சுருக்கென்று பிடிபடும்.

குறையும் உண்டு. தொடக்கத்திலேயே முரட்டு மாணவர்களை ஆசிரியர் சாட்டையால் விளாசுகிறார். ஏழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் முன்கூட்டிப் படித்துக்கொள்வது நல்லது. நாட்டைப் பிடித்தது உழவர்கள்தான் என்று தகப்பன் பெருமை பேசுமிடத்தில், ஏற்கெனவே அங்கிருந்த பூர்வகுடிகளின் பக்கம் எழும்பவேயில்லை. குடியேற்றம் என்ற சொல்லின் கனம் தெரிந்த வீட்டில் அந்தப் பக்கம் சும்மா கடந்துபோகாது.

ஆங்கிலம் எளிது, அளவைகள்தான் இடறும். ஐந்து சதம் கேட்ட மகனுக்குத் தகப்பன் அரை டொலர் நாணயத்தைக் காட்டி, அரை புஷல் உருளைக்கிழங்கின் உழைப்பைக் கணக்குப் பார்க்கவைக்கும் இடத்தில், ஒரு புஷல் ஏறக்குறைய 35 லீற்றர் என்று சொல்லிவிட்டால் போதும். சூடடிப்பு, நுகம், வைக்கோல் எல்லாம் நம் சொற்களிலேயே நிற்கும். 29 அத்தியாயங்கள், இரவுக்கு ஒன்றென்றால் ஒரு மாதம்.

கார்த் வில்லியம்ஸின் படங்களுள்ள பதிப்பையே கேளுங்கள். கன்றுக்கு நுகம் பூட்டும் விதம் எழுத்தை விடப் படத்தில் விளங்கும். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவதாயின் முதுகைத் திறந்து பாருங்கள்: பசையால் ஒட்டிய பழைய மலிவுப் பதிப்புகள் இந்த ஈரப்பதத்தில் நடுவிலிருந்து கழன்றுவிடும்.