அணையாத சிவப்பு விளக்கு

போன வாரம் கடைக் கணினியில் செருகியிருக்கும் என் பொத்தான் பலகையின் மைக்ரோ யுஎஸ்பி வாய் பெயர்ந்து கேபிளோடு வந்துவிட்டது. பர்மா பஜார்ப் பக்கம் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த ராயபுரம் நண்பர், "நானும் இதையே வாங்கலாமா?" என்றார். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குத் திருமணப் பத்திரிகை வடிவமைக்கும் கடை. அட்மெகா32யு4 என்ற, நிரல் ஏற்றக்கூடிய சில்லு உள்ள சிறிய பலகையில் எட்டுப் பொத்தான்களை இணைத்து, அடிக்கடி தட்டும் விசைகளை ஏற்றியிருக்கிறேன். கணினிக்கு அதுவும் ஒரு விசைப்பலகைதான். மூன்று ஆண்டுகளில் ஒரு பொத்தான்கூடத் தவறியதில்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. மடிக்கணினியை உறங்கவைத்துவிட்டுப் போனாலும் பலகை இரவெல்லாம் விழித்திருந்தது. பழைய கேபிளின் சிவப்புக் கம்பியை வெட்டி மல்டிமீட்டரை நடுவில் வைத்தேன். சும்மா இருக்கும்போதே 40 மில்லிஆம்பியர் பக்கம். பத்து மணி நேரத்துக்கு 2 வாட்-மணி, குடி முழுகிவிடாது. ஆனாலும் கண்ணில் பட்டதை விட மனமில்லை.

முதலில் அவசரப்பட்டேன். பொத்தானை அழுத்தாத நேரமெல்லாம் சில்லை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பினேன். சில்லை ஓட்டும் கடிகாரத் துடிப்பே நின்றுபோனதால் கணினியின் அழைப்புக்கு அதனால் பதில் சொல்ல முடியவில்லை; அடையாளம் தெரியாத சாதனம் என்று கணினி ஒதுக்கிவிட்டது. கணினி விழித்திருக்கும்வரை கோழித்தூக்கம்தான் சரி: கணிக்கும் பகுதி மட்டும் ஓயும், யுஎஸ்பி பகுதி கேட்டுக்கொண்டிருக்கும். கம்பியில் 3 மில்லி நொடி அரவமே இல்லையென்றால் கணினி உறங்கிவிட்டது என்று பொருள். அதைச் சில்லே சொல்லிவிடுகிறது. அப்போது ஆழ்ந்து உறங்கலாம். காலையில் கணினி எழுந்ததும் தானாக எழுந்துகொள்கிறது. இந்த ஒழுங்கைப் பார்த்து உண்மையிலேயே சொக்கிப்போனேன்.

உறக்கத்தில் 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது யுஎஸ்பி விதி. ஒன்றுக்குக் கீழே வரும் என்று மீட்டரைப் பார்த்தால், மூன்றுக்கு மேல்! சாதனம் செருகியிருப்பதைக் கணினிக்குக் காட்டும் 1.5 கிலோஓம் மின்தடை 0.2 மில்லிஆம்பியர் எடுக்கும். அது நியாயமான செலவு. மிச்சத்தைத் தின்றது கடுகளவு சிவப்பு விளக்கு. 5 வோல்ட் வழித்தடத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறது; எந்த நிரலாலும் அணைக்க முடியாது. விளக்குக்கு 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட், அதன் 1 கிலோஓம் மின்தடை வழியாக 3 மில்லிஆம்பியர். விதி முழுப் பலகைக்கும் அளந்து கொடுத்ததைவிட அதிகம்! பலகையை வடிவமைத்தவர் கணக்குப் போட்டே பார்க்கவில்லையா? பற்றவைப்புக் கோலால் அதைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் முள் அடங்கியது.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். வாய் பெயரும், விளக்கு தின்னும், எதற்கு வம்பு? அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பற்றவைத்த வாய் எத்தனை நாள் தாங்குமோ என்று நேற்று அதே பலகையில் இன்னும் இரண்டு வாங்கிவந்தேன். கணினியில் செருகும் முன்பே பற்றவைப்புக் கோலைச் சூடேற்றினேன்.