3,600 ரூபாத் தலையணையும் அம்மம்மாவின் பன்பாயும்

பெட்டியில் உருண்டைத் தலையோடு ஒரு குழந்தைப் படம் போட்டு, தட்டைத் தலையை உருண்டையாக்கும் என்று நடுவில் குழி வைத்த குட்டித் தலையணை ஒன்று விற்கிறார்களே, அதை வாங்க நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை எடுங்கள். நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு பேபிக் கடையில் 3,600 ரூபா கொடுத்து வாங்கினேன். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் உறை நல்லாத் துவைபடுகிறது என்பதற்காக.

மகள் கடைசி வரை வயிற்றுக்குள் தலை கீழே திரும்பாமலே இருந்து சீசரில் பிறந்தவள். ஐந்தாம் கிழமை குளிக்க வார்க்கும்போதுதான் கவனித்தேன், தலை இடது தோள் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, முகம் மட்டும் எந்த நேரமும் வலப்பக்கம். இடப்பக்கக் கழுத்தைத் தடவினால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது சுளுக்கு மனே, ஒருக்கா எண்ணெய் போட்டு உருவி விட்டாச் சரி" என்றார். நல்லகாலம் அடுத்த நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தா. உருவக் கூடாது, யாரிடமும் கொண்டுபோய் இழுக்கவும் கூடாது, கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டா.

டொக்டர் சொன்ன பெயர் டோர்ட்டிகோலிஸ். காதுக்குப் பின்னால் இருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்குகிற தசை ஒரு பக்கம் இறுகிக் குறுகிப்போவது. இடப்பக்கத் தசை இறுகினால் தலை இடப்பக்கம் சாயும், நாடி வலப்பக்கம் திரும்பும். கட்டி சில மாதங்களில் தானாகக் கரையுமாம். இடுப்பு மூட்டையும் பார்க்க வேண்டும் என்று கழுத்து, இடுப்பு இரண்டுக்கும் ஸ்கேன் எழுதித் தந்தார், இந்தக் கழுத்துப் பிரச்சினை உள்ள சில பிள்ளைகளுக்கு இடுப்பும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும் என்பதால். எங்களுக்கு இடுப்பு நல்லபடி.

இதுக்கு நடுவில்தான் தலையணை வந்தது. ஒரே பக்கம் பார்த்துப் படுத்ததில் தலையின் பின்பக்கம் வலது மூலை தட்டையாகிக்கொண்டு வந்தது, நான் பயந்துபோய்க் கடைக்கு ஓடினேன், கடைக்காரர் "ரெண்டு கிழமையில தலை ரவுண்டா வரும், டொக்டர்மாரே சொல்றது" என்றார். எந்த டொக்டர் என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பப் பழக வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்ப முடியாமல் அந்தக் குழியே தலையைப் பிடித்து வைத்திருக்கிறது! கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பஞ்சுக்குள் தலை புதைந்தால் என்ன ஆகும், மூன்றாம் நாளே பிடரி முழுக்க வேர்க்குரு. பிசியோ மிஸ் (உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிறவ) கண்டுவிட்டு முதல் வேலையாக அதைத் தூக்கச் சொன்னா. குழந்தை தூங்கும் இடத்தில் தலையணையே கூடாது, முகம் புதைந்தால் மூச்சு அடைக்கும். அப்புறம்தான் தேடி வாசித்தேன், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2022 நவம்பரிலேயே இந்த மாதிரித் தலை உருட்டும் தலையணைகளைப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன். உறை பிரித்த சாமான் எடுக்கமாட்டார்களாம்.

சரி, எது வேலை செய்தது? அரச ஆஸ்பத்திரி பிசியோதான், ஐந்துக்கு ஐந்து. காசு இல்லை, காலையில் வரிசையில் நிற்க வேண்டும், வெயிலுக்கு முன் போய்விடுங்கள். ஒரு கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்புவது, பிறகு வலது காது வலது தோளுக்கு வரும்படி சாய்ப்பது, அழுதால் அல்லது எதிர்த்தால் உடனே விடுவது. அவ என் கையைப் பிடித்துப் பழக்கித்தான் அனுப்பினா, அதனால் வீடியோ பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள். உடுப்பு மாற்றும்போதெல்லாம் செய்தேன், ஒரு தாலாட்டு வரி பாடி முடிக்கும் மட்டும் பிடிப்பேன், எண்ணினால் எனக்குக் குழம்பிவிடும்.

மிச்சம் முழுக்க வீட்டில் படுக்க வைக்கிற, தூக்குகிற, பால் கொடுக்கிற விதம். கட்டிலை அவளுடைய வலப்பக்கம் வெறும் சுவர் வரும்படி திருப்பிப் போட்டோம். நான், ஜன்னல், சத்தம் எல்லாம் இடப்பக்கம். தூங்க வைப்பது மட்டும் எப்பவும் மல்லாக்க. ஏணையை (சேலைத் தொட்டிலை) அவிழ்த்து வைத்துவிட்டோம், அதற்குள் தலை ஒரே நிலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, பார்க்கவும் எதுவும் இல்லை. அம்மம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பால் கொடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு இதுதான் ஆச்சரியம்: வலது மார்பில் வழக்கம்போல் மடியில் கொஞ்சம் மல்லாக்கக் கிடத்தி, இடது மார்பில் அவளைக் கக்கத்துக்குள் இடுக்கி, கால் என் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்தால் இரண்டு முறையும் அவள் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். பசிக்குத் திரும்பாத பிள்ளை உண்டா! தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவள் முதுகு என் நெஞ்சோடு, இடப்பக்கம் கீழே, என் முன்கை அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில். கல்லடிக் கடற்கரையில் அப்படித் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு ஆள் "பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா தங்கச்சி" என்று கேட்டார்.

கழுத்துக்குப் பயிற்சியாகக் குப்புறப் போடுவதற்கு 5,200 ரூபாவுக்குக் கண்ணாடி வைத்த மெத்தை விரிப்பு ஒன்றும் எடுத்தேன், வேறு கடையில். அதற்கு மூன்று நட்சத்திரம். பிளாஸ்டிக் மணம் போக இரண்டு நாள் வெளியில் போட வேண்டியிருந்தது, வியர்வைக்கு ஒட்டுகிறது. கண்ணாடி மட்டும் தங்கம், இடப்பக்கம் வைத்தால் தன் முகத்தைப் பார்க்கத் திரும்புகிறாள். கடைசியில் அம்மம்மாவின் பன்பாயில் ஒரு பருத்திச் சேலையை நாலாக மடித்து விரித்து (பாய் தனியாக என்றால் முழங்கையில் தடம் விழும்), கண்ணாடியை முன்னால் வைத்தோம். அதுதான் நிலைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன கணக்கு, தவழத் தொடங்காத பிள்ளையை விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது ஒரு நாளில் எல்லாமாகக் குறைந்தது 30 நிமிடம். முதல் கிழமை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவில்லை, கத்திக் குழறினாள், என் நெஞ்சில் போட்டால் மட்டும் பொறுத்தாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் குப்புறப் போடாதீர்கள்.

கட்டி நாலாம் மாதம் கைக்குத் தெரியவில்லை. ஆறரை மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பினாள். பின்தலைத் தட்டை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உட்காரத் தொடங்கியபின் குறைந்துகொண்டு வருகிறது. ஒன்று மட்டும்: இதுவரை நேராக இருந்த கழுத்து திடீரென்று சரிந்தால், அல்லது காய்ச்சல், வாந்தி, கண் மாறுகண் போல் ஓடுவது ஏதும் கூட இருந்தால் பாய், கண்ணாடி எதையும் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அது வேறு கதை.

பிசியோ மிஸ் ஒரு வயதில் திரும்பக் காட்டச் சொல்லியிருக்கிறா. தலையணை அலுமாரிக்கு மேல் கிடக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா தன் பேரனுக்கு என்று கேட்டா, நான் கொடுக்கவில்லை.