பெயிண்டுக்கு அடியில் வெல்டு: அலுமினியம் ரோடு சைக்கிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பழைய அலுமினியம் ரோடு சைக்கிளையோ, "ஷோரூம்ல நின்ன பீஸ்" என்று விலை குறைத்துத் தருவதையோ வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முன்பக்கம் இடிபட்டு விரிசல் விட்ட ஃப்ரேமுக்கு வெல்டு வைத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, ஓடாத வண்டி என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். பணம் போனதைக்கூட விடுங்கள். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற நெடுஞ்சாலையில் அது இரண்டாகப் போயிருந்தால் நான் எங்கே போய் விழுந்திருப்பேன்?

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரத்தான் வாங்கினேன். விலை 27,000 ரூபாய். "ஓடவே இல்ல தம்பி, கண்ணாடிக்குப் பின்னால நின்னதுதான். மாடல் மாறிட்டு, அதான் விலையக் குறைச்சோம்" என்றார் கடைக்காரர். 6061 என்ற அலுமினியக் கலவையில் ஃப்ரேம், ஷிமானோ கம்பெனியின் எட்டு கியர் கிளாரிஸ் செட். இரண்டும் சொன்னபடியேதான் இருந்தன. பில்லில் "சைக்கிள் 1" என்று மட்டும் அடித்துக் கொடுத்தார்கள். ஃப்ரேம் நம்பரை எழுதித் தரச் சொன்னதற்கு, கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது.

பார்வதிபுரம் மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். கடைக்குக் கொண்டுபோனேன், ஹேண்டில் திரும்பும் இடத்துக் கப் லூஸ் என்று முறுக்கி அனுப்பினார்கள். மறுபடி போனபோதும் அதே முறுக்கல்தான். மழையில் நனைந்த வண்டியை ஒருநாள் கழுவித் துடைக்கும்போது, ஹேண்டிலுக்குப் பின்னால் கீழே இறங்கும் பெரிய குழாயின் அடிப்பக்கத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. துணியால் தேய்த்தேன், போகவில்லை.

வடசேரியில் பல வருடமாக சைக்கிள் வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் பேசவே இல்லை. பிளேடை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே வெள்ளையாகப் பட்டி. அதையும் சுரண்டினால் குழாயின் பாதிச் சுற்றளவுக்குக் கட்டிகட்டியாக வெல்டு, அதன் ஓரத்திலேயே புதிய விரிசல். "மக்ளே, இதுல இனி ஏறாத. வீட்டுக்கும் உருட்டிக்கிட்டே போ" என்றார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் அவர்தான் காட்டினார். ஃப்ரேமின் கறுப்பு வேறு, ஃபோர்க்கின் கறுப்பு வேறு. இடித்ததில் பழைய ஃபோர்க் வளைந்திருக்கும், மாற்றியிருக்கிறார்கள்.

வெல்டு வைத்தால் என்ன, இரும்பு கேட்டை ஒட்டுவதில்லையா என்று கேட்பவர்களுக்காக இதை விரிவாகச் சொல்கிறேன். சைக்கிளுக்குப் பயன்படும் 6061 குழாய்க்கு அந்த உறுதி வருவதே சூட்டுப் பதப்படுத்தலால்தான். கம்பெனியில் வெல்டிங் முடிந்த பிறகு ஃப்ரேமை 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு 170, 180 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். ஒட்டின இடத்தில் மறுபடி வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். சுற்றியுள்ள குழாயின் உறுதி பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பட்டறையில் வெல்டு வைத்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், முழு ஃப்ரேமையும் மறுபடி பதப்படுத்தாமல் அந்த உறுதி திரும்பாது. போதாததற்கு அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலின் களைப்பையும் சேர்த்துவைத்துக்கொள்ளும் உலோகம். விரிசல் தொடங்கிவிட்டால் நம் ரோட்டின் ஒவ்வொரு குழியும் அதை வளர்க்கும்.

கார் வாங்கும்போது காந்தம் வைத்துப் பட்டியைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே அது உதவாது, அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. விரலைத்தான் நம்ப வேண்டும். ஹேண்டிலுக்குப் பின்னால் மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நேராக எதிலாவது மோதிய வண்டி அங்கேதான் மடிப்போ புடைப்போ விடும். கம்பெனி வெல்டு சரித்து அடுக்கிய காசுகள் போல ஒரே சீராக இருக்கும். சில கம்பெனிகள் அதை வழவழப்பாகத் தேய்த்துவிடுவதும் உண்டு. அப்படியானாலும் எல்லா மூட்டும் ஒன்றுபோலத் தேய்த்திருக்க வேண்டும். ஒரு மூட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால் விலையே கேட்காதீர்கள். நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டினால் பட்டி உள்ள இடத்தில் சத்தம் மங்கும்.

அப்புறம் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பெரும்பாலான ஃப்ரேம்களில் நம்பர் குத்தியிருக்கும். என் வண்டியில் அந்த எழுத்துகள் பெயிண்டில் பாதி மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் பாட்டில் மாட்டும் திருகுத் துளைக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தது. இரண்டுமே மறுபடி பெயிண்ட் அடித்ததற்கு அடையாளம். ஆனால் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் உப்புக்காற்றால் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடியும் பெயிண்ட் கொப்புளமும் வருவது இயல்பு. அதை மட்டும் வைத்து விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த ஊர் வண்டி என்றால் சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டை உருவிக் காட்டச் சொல்லுங்கள். கிரீஸ் இல்லாமல் இறுகிப்போனால் பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.

தினமும் ஓட்டப் புதிதாக வாங்க முடிந்தவர்கள் 28 மி.மீ. அகல டயராவது ஏறுகிற, மட்கார்டு மாட்டத் துளை உள்ள ஃப்ரேமாகப் பாருங்கள். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, மட்கார்டு இல்லாவிட்டால் முதுகெல்லாம் சேறு. ஃப்ரேம் நம்பரையும் மாடலையும் பில்லில் எழுதித் தராத கடையில் பணத்தை நீட்டாதீர்கள்.

சுரண்டிய ஃப்ரேமோடு கடைக்குப் போனபோது, "நீங்க எங்கயோ கொண்டுபோய் இடிச்சுட்டு வந்து பேசுறீங்க" என்றார் அதே கடைக்காரர். இடித்தவன் பட்டி போட்டு, பெயிண்டும் அடித்துவிட்டா உங்களிடம் வருவான் என்று கேட்டேன். பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சுரண்டும்போதே எடுத்த படங்களும், பணம் அனுப்பிய ரசீதும், கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கின்றன.

நல்ல விலை தருகிறேன், ஃப்ரேமைக் கொடு என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. வழக்கு முடிகிறவரை அது சாட்சி. முடிந்ததும் இன்னொரு பெயிண்டுக்குள் போகாதபடி குழாயை நானே அறுத்துத்தான் பழைய இரும்புக் கடையில் போடுவேன்.