எல்க், ஓநாய், மூஸ்: கைடுக்குக் காசு கொடுப்பது எந்தப் பூங்காவில் வீண் போகாது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் விலங்கு பார்க்கப் போவதென்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் அடிபடும். கொலராடோவில் ராக்கி மவுண்டன், வயோமிங்கில் கிராண்ட் டீட்டன், அதற்கு வடக்கே யெல்லோஸ்டோன். மூன்றிலும் கைடு வைத்த டூர் உண்டு. விளம்பரப் படங்களும் ஏறக்குறைய ஒன்றுதான்: மூடுபனி, மஞ்சள் ஆஸ்பென் மரங்கள், வாயைத் திறந்து நிற்கும் ஒரு பெரிய கொம்பன் எல்க் (பெரிய மான் வகை). ஆனால் கைடு செய்யும் வேலை மூன்று இடத்திலும் ஒன்றல்ல. ஓரிடத்தில் அவர் இல்லாவிட்டால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். இன்னோரிடத்தில் அவர் வெறும் டிரைவர்.

முதுமலை சஃபாரி போய்ப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே வனத்துறை வண்டி கிடையாது, அவரவர் காரிலேயே போகலாம். கைடின் வேனும் அதே தார்ச்சாலையில்தான் போகும், வண்டி சாலையை விட்டு இறங்கக் கூடாது. யெல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம் (சுமார் 91 மீட்டர்), எல்க், காட்டெருமை போன்றவற்றுக்கு 25 கஜம் (23 மீட்டர்) தள்ளித்தான் நிற்க வேண்டும். இந்த விதி கைடுக்கும் சேர்த்துத்தான். ஆகவே "பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுவோம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பணம் கட்டாதீர்கள். நாம் காசு கொடுப்பது அவருடைய கண்ணுக்கும், அவரிடம் இருக்கும் ஸ்கோப்புக்கும் (தொலைநோக்கி), இன்று காலை எது எங்கே நிற்கிறது என்ற தகவலுக்கும்தான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் ராக்கி மவுண்டனில் கைடு தேவையே இல்லை என்பேன். டென்வரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எஸ்டெஸ் பார்க் ஊர் வந்துவிடும். எல்க் இணைசேரும் பருவத்தில் மொரெய்ன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளிகளின் ஓரம் மாலை நாலரைக்கு நின்றால் போதும், அவை தாமாக வந்துவிடும். சுமார் 300 கிலோ எடையுள்ள ஆண் எல்க் ஒன்று கழுத்தை நீட்டி, கொம்பு முதுகைத் தொடும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தும். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கட்டைக்குரல்தான் வரும் என்று நாம் எதிர்பார்த்து நிற்போம். வருவது கிறீச்சென்று ஏறும் விசில். அது உச்சிக்குப் போய் உடைந்து, நாலைந்து உறுமலாக முடியும். உடனே எதிர்ப்புறத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். இதை ஒருவர் காட்டித்தர வேண்டியதில்லை. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை இந்தப் புல்வெளிகளுக்குள் நடக்கத் தடை உண்டு, எல்லோரும் சாலையோரத்தில்தான் நிற்க வேண்டும். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நிற்கும் பூங்காவின் தன்னார்வலர்களிடம் கேள்வி கேட்டால் இலவசமாகவே எல்லாம் சொல்வார்கள்.

குறை என்னவென்றால், எல்க்கைத் தாண்டினால் பட்டியல் சுருங்கிவிடும். மேற்குப் பக்கம் கவுனீச்சி பள்ளத்தாக்கில் மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) உண்டு. கொலராடோவில் கிரிஸ்லி (பெரிய பழுப்புக் கரடி) இல்லை. 2023 டிசம்பரில் அந்த மாநிலத்தில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், ஆனால் அவற்றைப் பார்க்கலாம் என்று நம்பி இந்தப் பூங்காவுக்கு டிக்கெட் போடாதீர்கள். உயரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். எஸ்டெஸ் பார்க் கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், பிரச்சினையில்லை. டிரெயில் ரிட்ஜ் ரோடு 3,713 மீட்டர் வரை ஏறும், தொட்டபெட்டாவை விட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தால் அங்கேதான் வரும். சமீப ஆண்டுகளில் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை நுழைவு நேரத்தை முன்பதிவு செய்யவேண்டியிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யெல்லோஸ்டோன் கதை வேறு. எல்க் மட்டும் போதுமென்றால் மம்மத் ஹாட் ஸ்பிரிங்ஸ் போனாலே சரி, கட்டடங்களுக்கு நடுவே புல்தரையில் படுத்திருக்கும். பருவம் முற்றிய ஆண் எல்க் நிறுத்தி வைத்த கார்களை முட்டுவதும் அங்கே புதிதல்ல. ஆனால் இவ்வளவு தூரம் போவது வடகிழக்கிலுள்ள லமார் பள்ளத்தாக்குக்காக, அங்குள்ள ஓநாய்களுக்காக. ஒருகாலத்தில் அடியோடு கொன்று தீர்த்த ஓநாய்களை 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 கொண்டுவந்து விட்டார்கள். இன்று பூங்காவுக்குள் நூறை ஒட்டி இருக்கின்றன. பூங்காவின் பரப்பளவோ சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். வெறும் கண்ணால் தேடினால் என்ன கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கைடு தன் கூலிக்கு வேலை செய்கிறார். லமாரில் ஓநாய் என்பது பல நேரம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சேஜ் புதர்களுக்கு நடுவே நகரும் ஒரு புள்ளி. சாதாரண பைனாகுலரில் அது கல்லா, கயோட்டியா (ஓநாயைப் போன்ற சிறிய விலங்கு) என்றுகூடத் தெரியாது. கைடு முக்காலியில் நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பொருத்திக் கண்டுபிடித்து, உங்களைக் குனிந்து பார்க்கச் சொல்வார். அப்போதுதான் கறுப்பு, சாம்பல் நிற வித்தியாசமும், ஏப்ரலில் பிறந்து இப்போது கால் மட்டும் நீளமாக வளர்ந்து நிற்கும் குட்டிகளும் தெரியும். காலையில் சாலையோரம் நிற்கும் ஓநாய்ப் பிரியர்களும் கைடுகளும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வார்கள். எந்த ஓநாய்க் கூட்டம் நேற்று எங்கே வேட்டையாடியது, அந்தச் சடலத்துக்குக் கரடி வந்ததா என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குள் ஓடும் பேச்சு. முதல்முறை போகும் நமக்கு அது கிடைக்காது. குளிர்காலத்துக்கு முன் கொழுப்பு சேர்க்க கிரிஸ்லிகள் நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும் பருவமும் இதுவே என்பதால், ஸ்கோப்பைத் திருப்பினால் கரடியும் மாட்டும்.

இன்னொரு சௌகரியம், செப்டம்பர் கடைசியில் இங்கே விடிவதே ஏழு மணிக்குப் பிறகுதான். ஜூன் மாதம்போல நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டாம். பூங்காவின் வடக்கு வாசலில் உள்ள கார்டினர் ஊரில் தங்கினால் லமார் சுமார் ஒரு மணி நேரம்.

ஆனால் ஒன்று, முன்பதிவுக்கு முன் கைடிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஸ்கோப்? பன்னிரண்டு பேருக்கு இரண்டு என்றால், உங்கள் முறை வருவதற்குள் ஓநாய் மேட்டைத் தாண்டியிருக்கும். பூங்காவில் தொழில் செய்ய அனுமதி வைத்திருக்கிறாரா? சைவச் சாப்பாடு என்றால் சீஸ் சாண்ட்விச் மட்டும்தானா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், புளியோதரையைக் கட்டிக்கொண்டு போவது எதற்கும் நல்லது.

கிராண்ட் டீட்டன் இரண்டுக்கும் நடுவே. அழகில் மூன்றுக்கும் மேலே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. விமான நிலையம் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, இறங்கியதுமே மலை எதிரே நிற்கும். இங்கே மூஸ்தான் நாயகன். அக்டோபரில் குரோ வாந்த் ஆற்றோரத்திலும் ஆன்டிலோப் பிளாட்ஸ் புதர்வெளியிலும் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. சாலையிலிருந்தே தெரியும் உயரம், ஸ்கோப் வேண்டியதில்லை. கைடு இங்கே உதவுவது பாதுகாப்புக்கு: காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிர் சிலிர்த்து, உதட்டை நக்கத் தொடங்கினால் மூஸ் பாயப்போகிறது என்று அர்த்தம், இதைப் படித்து வைத்துக்கொண்டால் அந்தச் செலவும் மிச்சம். கரடிக்காக மட்டும் வேண்டுமானால் அரைநாள் கைடு வைக்கலாம். 399 என்ற எண்ணாலேயே அழைக்கப்பட்ட, இந்தப் பூங்காவின் பேர்போன கிரிஸ்லி, 2024 அக்டோபரில் அருகிலுள்ள ஜாக்சன் ஊருக்குத் தெற்கே வண்டி மோதி இறந்துவிட்டது. இன்னமும் அதன் படத்தைப் போட்டு டூர் விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஜாக்சனில் தங்கி ஒரே நாளில் லமார் போய்வரும் பேக்கேஜ்களைத் தவிர்த்துவிடுங்கள். போக மட்டுமே நாலு மணி நேரம் ஆகும். விடியலில் நடமாடும் ஓநாய், நீங்கள் போய்ச் சேரும்போது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பூங்காவும் வேண்டுமென்றால் டீட்டனில் சொந்த கார், பிறகு கார்டினருக்கு மாறி அங்கே இரண்டு காலை கைடோடு. என் ஓட்டு இதற்குத்தான். ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் மறுபேச்சில்லாமல் ராக்கி மவுண்டன்.

பட்ஜெட்டில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்த மூன்று பூங்காக்களிலும் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் வெளிநாட்டவருக்கான 250 டாலர் வருடாந்தர பாஸையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

அக்டோபரில் லீவு கிடைக்காதவர்களுக்கு யெல்லோஸ்டோன் மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் உள்சாலைகள் கார்களுக்கு மூடப்பட்டாலும், கார்டினரிலிருந்து லமார் வழியாக குக் சிட்டி போகும் சாலை ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். எல்க்கின் கத்தல் ஓய்ந்திருக்கும், கரடிகள் குகை தேடத் தொடங்கியிருக்கும். ஆனால் வெண்பனியில் கறுப்பு ஓநாயைக் கண்டுபிடிப்பது செப்டம்பரை விடச் சுலபம்.