பிரெட் மாவு பிசைய மரப் பாத்திரம்: குடைஞ்சதா, பலகை கட்டினதா, பெட்டியா?

மரப் பாத்திரத்துல மாவு பிசையணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல பார்க்குறது அழகைத்தான், நானும் அப்படித்தான் ஒண்ணு வாங்கினேன். ஆனா ஐரோப்பாவுல ஊருக்கு ஊரு ஏன் வேற வேற மாதிரி வச்சிருந்தாங்கன்னு பார்த்தா, அவங்க எந்த மாவை சாப்பிட்டாங்களோ அந்த மாவுக்கு ஏத்த பாத்திரமா இருக்கு. அதனால உங்க மாவு எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ரை (rye) குளிர் நாடுகள்ல விளையுற ஒரு தானியம், அந்த மாவுன்னா பலகை கட்டின தொட்டிதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரை மாவுல கோதுமை மாதிரி இழுபடுற குளூட்டன்ங்குற பசை வராது, கையில களிமண்ணு மாதிரி அப்பிக்கும், பிசையுறதை விட துடுப்பு வச்சு கிளறி ராத்திரி பூரா புளிக்க விடுறதுதான் முக்கியமான வேலை. அதுக்கு ஆழமான, மூடி வைக்குற பாத்திரம் வேணும். போலந்துல இதுக்கு ஜியெஷான்னு பேரு, உக்ரைன்ல டிஷா. ஓக் பலகைகளை பீப்பா மாதிரி நிறுத்தி சுத்தி வளையம் போட்டிருப்பாங்க. அந்தக் காலத்துல பிரெட் சுட்டு முடிச்சதும் கழுவ மாட்டாங்க, சுரண்டி மட்டும் விடுவாங்க, ஏன்னா ஓரத்துல ஒட்டியிருக்குற அந்த கொஞ்சம் மாவுதான் அடுத்த தடவைக்கு புளிப்பு, நம்ம வீட்டுல பழைய மாவு ஒரு கரண்டி விட்டு புது மாவை புளிக்க வைக்கிறோம்ல அதே கதைதான். இந்த தொட்டியை இரவல் கொடுக்கவே யோசிப்பாங்க. உக்ரைன் கல்யாணத்துல ஆட்டுத்தோல் விரிச்ச டிஷா மேல பொண்ணை உக்கார வச்சு சடை அவிழ்க்குற சடங்கே இருந்துச்சு, அவ்வளவு மரியாதை.

கோதுமைக்கு இது ஒத்துவராது. கோதுமை மாவை உள்ளங்கையால தள்ளி மடிச்சு திரும்ப தள்ளணும், ஆழமான தொட்டிக்குள்ள முழங்கை இடிக்கும். அங்கதான் ஒரே மரத்துண்டுல குடைஞ்ச நீளமான தொட்டி வருது, ருமேனியாவுல கோவாட்டான்னு சொல்லுவாங்க. அங்க ருதாரிங்குற சமூகத்துக்காரங்க பாப்லர், வில்லோ மாதிரி மிருதுவான மரத்தை ரெண்டா பிளந்து ஈரமா இருக்கும்போதே வாச்சியால குடைஞ்சு எடுப்பாங்க. இதுல மூலையே கிடையாது, வளைஞ்ச பக்கத்துல மாவு தானா நடுவுக்கு சரியும், மாவு திரண்டதும் ஓரத்துல ஒட்டுனதெல்லாம் அதோடயே உருண்டு வந்துடும். தினசரி பிசைய இதைவிட சுகமானது இல்லன்னு என் கை சொல்லுது.

ஆனா பராமரிப்புலதான் ரெண்டும் நேர் எதிர். பலகைத் தொட்டி ரொம்ப காஞ்சா பலகை சுருங்கி வளையம் லூஸாகும், தண்ணி ஊத்தி வச்சா ஊறி மறுபடி இறுகும். இதைப் படிச்சுட்டு நான் என் குடைஞ்ச தொட்டியை ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சு மறுநாள் வெயில்ல சாய்ச்சு வச்சேன், மதியத்துக்குள்ள தலைமாட்டுப் பக்கத்துல விரல் நீளத்துக்கு பிளவு. மரத்தோட நார் வெட்டுப்பட்ட அந்த முனை வழியாத்தான் ஈரம் சீக்கிரம் போகும், அதனால வெடிப்பும் அங்கயேதான் ஆரம்பிக்கும். ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய விட்டிருந்தா போதும்.

மூணாவது, கால் வச்ச பெட்டி, பிரான்ஸ்ல பெத்ரேன், இத்தாலியில மாதியா. வாரத்துக்கு ஒரு தடவை பெரிய குடும்பத்துக்கே சேர்த்து பிசையுறதுக்கு நல்லது, மூடியை சாத்துனா அதுவே மேசை. பிரெஞ்சுல சிக்கல்ல மாட்டிக்கிட்டவனை ‘பெத்ரேனுக்குள்ள இருக்கான்’னு சொல்லுவாங்க, பிசையுறது அவ்வளவு கஷ்டமான வேலை. ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு இது வேண்டாம், இடம் அடைக்கும், பலகை சேருற மூலையில மாவு காஞ்சு உக்காந்துக்கும்.

எண்ணெய் தடவணும்னா வால்நட் எண்ணெய் தடவலாம், அது காஞ்சு இறுகும். சமையல் நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிச்சிடும். என் தொட்டியோட பிளவுக்கு வெளிப்பக்கமா ஒரு தகரப்பட்டை வச்சு ஆணி அடிச்சிருக்கேன், பழைய தொட்டிகள்லயும் இப்படித்தான் ஒட்டுப்போட்டிருப்பாங்க, இன்னும் அதுலதான் பிசையுறேன்.