காரைக்குடியில் வாத்தியக் கடை: கிடார் அடுக்குவதா, மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு மாற்றுவதா?

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்திருந்தார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, வாத்தியக் கடை போடலாம் என்று இருக்கிறேன் அண்ணே, கிடார் கீபோர்டு வாங்கி அடுக்கினால் ஓடுமா என்று கேட்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அவருக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் முதல் பணத்தை எதில் போடுகிறோம் என்பதிலேயே இந்தத் தொழிலில் பாதி முடிவாகிவிடுகிறது.

கிடார், கீபோர்டு கடையில் தொடங்குவோம். பார்க்க அழகாக இருக்கும், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். நான் முதலில் வாங்கிப் போட்டது ஐந்து கிடார், மூன்று கீபோர்டு. அப்பாவும் மகளும் வருவார்கள், மகள் 61 கீ கீபோர்டில் முக்கால் மணி நேரம் ஆசையாக வாசித்துப் பார்ப்பாள், அப்பா ஓரமாக நின்று அதே மாடலின் விலையைப் போனில் தேடிக்கொண்டிருப்பார். அவர் காட்டுகிற விலைக்கும் மொத்த வியாபாரி எனக்குப் போட்ட விலைக்கும் நடுவில் கடை வாடகைக்கே இடமிருக்காது. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவர் காசு அவருக்குப் பெரிசு. ஆனால் எட்டு மாதத்தில் கம்பெனி புது மாடல் விட்டதும் என்னிடம் மிச்சமிருந்த இரண்டு கீபோர்டையும் வாங்கிய விலைக்குக் கீழேதான் தள்ள முடிந்தது.

கிடாரில் மட்டும் ஒரு வழி உண்டு. மலிவுக் கிடார்களில் கம்பி பலகையை விட்டு உயரமாக நிற்கும், புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வாரத்தில் விரல் நுனி புண்ணாகிவிடும், பெற்றோர் பிள்ளைக்குச் சங்கீதம் வரவில்லை என்று நினைத்துக் கிடாரைப் பரணில் போட்டுவிடுவார்கள். நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராடு என்கிற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் திருகி, கம்பிகள் உட்காருகிற சாடில் துண்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கம்பியை இறக்கிக் கொடுத்தால் அதே கிடாரை அந்தப் பிள்ளை விடாது. ஆன்லைனில் வாங்கியவர்களும் இதற்கு என்னிடம்தான் வருகிறார்கள். கம்பி செட், கேப்போ (சுருதி ஏற்ற நெக்கில் மாட்டுகிற கிளிப்), பை, ஸ்டாண்டு எல்லாம் அப்படியே விற்கும்.

சரி, நம்ம வாத்தியங்களுக்கு வருவோம். 1952இல் சங்கீத நாடக அகாடமி விருதை முதன்முதலில் வாங்கியவர்களில் இரண்டு பேர் இந்த மண்ணின் பெயரைச் சுமந்தவர்கள்: பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வீணை காரைக்குடி சாம்பசிவ ஐயர். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தப் பெருமையை நம்பி நான்கு வீணையை வாங்கிக் கடையில் நிறுத்தாதீர்கள். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் போகும், அதுவரை வெயில் காலத்தில் மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டுகள் (விரல் வைக்கிற உலோகக் கட்டைகள்) நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஆர்டர் எடுத்து வாங்கிக் கொடுப்பதுதான் சரி. வீணைக்குத் தஞ்சாவூர், நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை, கடத்துக்கு நம்ம மாவட்டத்து மானாமதுரை. வித்வானைக் கூடவே கூட்டிப் போங்கள். நாகஸ்வரத்தை ஊதிப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார், அது பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைந்தது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி பேசும். சூளையிலிருந்து வந்த கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது, பாடுகிறவர் கட்டைக்கு, அதாவது அவர் சுருதிக்கு, சரியானதைத் தட்டித் தட்டித்தான் பொறுக்க வேண்டும். இதில் உங்கள் பணம் முடங்காது. லாபம் மெல்லத்தான் வரும், ஆனால் ஒருவருக்கு நல்ல வாத்தியம் அமைந்துவிட்டால் அவருடைய மாணவர்கள் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள்.

அடுத்து ஆன்லைன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜால்ரா, கம்பி மாதிரி சின்னச் சாமான் என்றால் அனுப்பலாம். ஒரு தடவை வீணை ஒன்றைப் பார்சலில் போட்டேன், குடமும் தண்டியும் சேருகிற இடத்தில் விரிசலோடு போய்ச் சேர்ந்தது, முழுப் பணத்தையும் நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் வீணையை நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் நம்ம ஊருக்கு வாய்த்த வழி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது ஆர்மோனியம், வீணை, தம்புரா எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடும். ஆர்மோனியத்தை தாராளமாக வாங்கலாம், துருத்தித் தோலை மாற்றி ரீடுகளைச் சுத்தம் செய்தால் பஜனை மடத்துக்காரர்கள் விரும்பி எடுப்பார்கள். வீணையில்தான் கவனம். பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கும், தந்தம் வாங்குவதும் விற்பதும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எவ்வளவு பழசானாலும் கையில் எடுக்காதீர்கள். உடும்புத் தோல் கஞ்சிராவும் இதே கதைதான். ஆட்டுத்தோல் போட்டது போதும்.

என் பிழைப்பு ஓடுகிற இடம் கடைசியாக இருக்கிற வழி, அதாவது பழுது பார்ப்பதும் தேய்மானச் சாமான் விற்பதும். நாகஸ்வரக்காரருக்கு ஊதுகிற சீவாளி தீர்ந்துகொண்டே இருக்கும், மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் கிழிந்துகொண்டே இருக்கும், வயலினுக்கு ரோசினும் கம்பியும் வில்லின் முடியும் வேண்டும். சுற்றிலும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில், குன்றக்குடி, ஊர் ஊராகச் சாமி புறப்பாடு, கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு நாலு ஜோடி மேளம் ஓடும். "அண்ணே, நாளைக்குக் காலையில முகூர்த்தம், வலந்தலை (வலப்பக்கத் தோல்) போயிருச்சு" என்று இரவு ஒன்பது மணிக்கு வருகிறவர் விலை பேச மாட்டார், அதற்காக நாமும் ஏற்றிச் சொல்லக் கூடாது.

மாதம் இரண்டு தடவை மதுரையிலிருந்து தோல் வேலைக்கு ஒரு அண்ணன் வருகிறார். அவர் மிருதங்கத்துக்குக் கரணை, அதாவது தோல் நடுவில் இருக்கிற கருப்பு வட்டம், போடுவதை ஒரு முழு மதியமும் பார்த்திருக்கிறேன். கிட்டான் கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து வைத்துக்கொண்டு, ஒரு துளி எடுத்து நடுவில் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார், காய்ந்ததும் இன்னொரு துளி, மறுபடி தேய்ப்பு, நடுநடுவே விரலால் தட்டிக் காதைச் சாய்ப்பார். கடைசியில் ஓரத்தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் குச்சித் துண்டுகளைச் செருகிய பிறகுதான் அந்த 'நாதம்' எழும்பும். இந்தக் கை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உங்கள் கடையின் முதலாளி என்று நினைத்துக் கூலியைக் குறைக்காமல், அன்றன்றைக்கே கொடுங்கள். நான் முதல் வருஷம் கூலியை இழுத்தடித்து ஒரு நல்ல ஆளை இழந்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

இதிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. நல்ல தோல் எப்போதும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், நேற்றுதானே போட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள், சித்திரை வெயிலில் தலைகீழாக ஏறும். போல்ட்-நட் மிருதங்கமும் தவிலும் வந்த பிறகு தோல் வாரை இழுத்துக் கட்டுகிற வேலையும் குறைந்துவிட்டது, ஆனால் தோல் மாற்றுகிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

ஆக தம்பிக்கு நான் சொன்னது: பெரிய பங்கைத் தேய்மானச் சாமானிலும் ஒரு நல்ல வேலை மேசையிலும் போடு, வாசித்துப் பார்க்க ஒரே ஒரு கிடார், ஒரு கீபோர்டு வை, வீணையும் நாகஸ்வரமும் ஆர்டர் மட்டும். சரக்கு மட்டும் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, பழுது வேலையும் சேர்ந்தால் அந்த வரம்பு 20 லட்சம்தான், வெளிமாநிலத்துக்கு அனுப்புகிற எண்ணம் வந்தால் அப்போது ஆடிட்டரைப் பார்க்கலாம். கடையை ஆடியிலேயே திறந்துவிடு, முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மேளக்காரர்கள் வாத்தியத்தைப் பழுது பார்க்கக் கொடுக்க நேரம் இருக்கும். ஆவணியில் அவர்கள் வேலைக்குத் திரும்பியதும் உன் கை எப்படி என்று ஊருக்குத் தெரியும், விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கிற வாத்தியார்கள் அந்த மேளக்காரர்களைக் கேட்டுத்தான் கடை சொல்வார்கள்.